மாறி வந்தது

பள்ளத்தூர் பஸ் நிறுத்தத்துக்கு எதிரே
மருந்துக்கடை வைத்திருக்கிறேன்.
உறையின் மேல் நீல மையால் எழுதுவேன்:
காலை ஒன்று, இரவு அரை,
உணவுக்குப் பின்.
இருபத்திரண்டு வருடத்தில்
ஒரு அரையைக்கூட ஒன்றாக எழுதியதில்லை.

உறைக்குள் இன்னொன்றும் வைப்பேன்.
நாலாக மடித்த தாள்.
சிவப்பு எழுத்து, அடியில் நெருப்புப் படம்.
‘நாளைக்கு நீ எங்கே?’ என்று கேட்கும்.
இருமலுக்கு வந்தவருக்கும் அதுவே,
பிள்ளை பெற்று மூன்று நாளானவளுக்கும் அதுவே.
அதற்கு மட்டும் அளவு எழுதியதில்லை.

மாசியில் மெய்யம்மை ஆச்சி வந்தார்.
செட்டியாருக்குக் கல்லீரலில் கட்டி.
சென்னையில் கைவிரித்துவிட்டார்கள்.
வலி மாத்திரை பத்து.
எண்ணிப் போட்டேன், தாளையும் போட்டேன்.
போதாதென்று வாயையும் திறந்தேன்:
“இப்பவாவது மெய்யான தெய்வத்தைத் தேடுங்க ஆச்சி.”
இப்பவாவது.
அந்தச் சொல்லை எங்கே கொள்முதல் செய்தேன்,
எந்தக் கம்பெனிச் சரக்கு அது?

மறுநாள் வந்தார்.
தாளை மடிப்புக் கலையாமல்
கண்ணாடி மேசையில் வைத்தார்.
“இது மாறி வந்திருச்சு போல தம்பி.
வேற யாருக்காச்சும் உள்ளதா இருக்கும்.”
கோபமில்லை.
கூடுதலாக வந்த சில்லறையைத்
திருப்பித் தருகிறவர் முகம்.
பிறகு பங்குனி முழுதும்
மஞ்சள் பையோடு
காரைக்குடி பஸ்ஸில் ஏறுவதைப் பார்த்தேன்,
என் கடையைத் தாண்டி,
பத்து மாத்திரைக்காக.

ஞாயிறு.
அரிசி ஆலைக்குப் பின்னால் தகரக் கூரைச் சபை.
ஜெபக்குறிப்பு கேட்டார்கள்.
இஸ்ரவேல் அண்ணன் எழுந்தார்:
“ஜெபிக்கத்தான் சொல்றேன், வேற ஒண்ணுமில்ல,
நம்ம பரிமளத்தோட மக ஒரு பையனோட...”
பெண்கள் பக்கத்தில் பரிமளம்
பாய்க் கோரையைக் கிள்ளிக்கொண்டிருந்தாள்.
முப்பது பேரும் கண்ணை மூடி
அவள் மகளை ஊர்வலம் விட்டோம்.
நானும் ஆமென் சொன்னேன்.
தண்ணீரில்லாமல் விழுங்கிய மாத்திரைபோல
அது பாதியில் நின்றது.

அன்றிரவு ஷட்டரைப் பாதி இறக்கி
உள்ளே முழங்காலிட்டு ஞானம் கேட்டேன்.
முதலில் வழக்கமான
ஒலிபெருக்கித் தமிழில் கேட்டேன்.
என் காதுக்கே எட்டவில்லை.
நிறுத்திவிட்டு இப்படி:

ஆண்டவரே,
உம்மைத் தெரியும் என்கிற தைரியத்தில்
எதிரே நிற்பவரைத் தெரியாமலே பேசிவிட்டேன்.
நீர் என்னிடம் அப்படிப் பேசியதில்லை.
அக்கா செத்த வருடம்
நீர் ஒன்றுமே பேசவில்லை.
அதை இன்றைக்கும்
ஆறுதல் என்றுதான் வைத்திருக்கிறேன்.
எது, எப்போது, எவ்வளவு,
வெறும் வயிற்றில் எதைக் கொடுக்கக் கூடாது,
எதை நானே முதலில் சாப்பிட வேண்டும்,
சொல்லும்.

பதில் வந்தது என்று சொல்ல மாட்டேன்.
கொசு வந்தது. குளிர்பெட்டி உறுமியது.
கட்டுக்கட்டாய் இருந்த தாள்களை
எரிக்கவெல்லாம் இல்லை.
அட்டைப்பெட்டியில் போட்டுப் பரண் ஏற்றினேன்.

அடுத்த ஞாயிறு இஸ்ரவேல் அண்ணன் எழுந்தபோது
“பரிமளத்துக்கிட்ட கேட்டுட்டுச் சொல்லுங்கண்ணே” என்றேன்.
குரல் நடுங்கியது. யாருக்கும் பிடிக்கவில்லை.
பரிமளத்துக்கே பிடித்ததா, தெரியாது.

சித்திரையில் ஒரு மத்தியானம்
காரைக்குடி பஸ்ஸைக் காணோம்.
ஆச்சி வெயிலில் நின்றார்.
ஸ்டூலைத் தூக்கிக்கொண்டு ரோட்டைக் கடந்தேன்.
வாய் நிறைய வாக்கியங்கள்,
மன்னிப்பு, விளக்கம், நடுவில் ஒரு வசனம்கூட.
ஒவ்வொன்றாய் விழுங்கினேன்.
“செட்டியார் நேத்து சாப்பிட்டாங்களா ஆச்சி?”

ஸ்டூலைப் பார்த்தார்.
என்னைப் பார்த்தார்.
“ரெண்டு வாய் கஞ்சி” என்றார்.
அப்புறம் உட்கார்ந்து, நான் கேட்காமலே,
மூன்றாவது வாயை அவர் ஏன் துப்பினார் என்று
சொல்ல ஆரம்பித்தார்.
பஸ் வந்தது.
நின்றது.
போய்விட்டது.