பதிவில் இல்லாத நான்கு மைல்

டகோட்டா எல்லைக்கு மேற்கே,
ஆளை விடப் புல் அதிகமான ஒரு மாவட்டத்தின் நீதிமன்றத்தில்
சுருக்கெழுத்து இயந்திரத்தின் முன் அமர்பவள் நான்.
சொன்னதைச் சொன்னபடி எழுதுவேன்.
இருமலைக்கூட அடைப்புக்குறிக்குள் எழுதுவேன்.

ஆகஸ்ட், செவ்வாய். வழக்கு எண் நாற்பத்தொன்று.
டெல்ஃபீன் க்யூப்பர், வேலி கட்டுபவள், வயது ஐம்பத்தாறு,
தன் பழைய ஜீப்பின் முன்கண்ணாடியை
பானெட்டின் மேல் மடக்கிப் படுக்கவைத்து
நெடுஞ்சாலையில் ஓட்டினாள்.
மணிக்கு முப்பத்தெட்டு மைல்.
பின்னால் ஒரு பால் லாரி.
அதற்கும் பின்னால் துணை ஷெரிஃப் டோபின் லஸ்க்.

"கண்ணாடி இல்லாமல் ஓட்டினீர்கள்."
"இருந்ததே. படுத்திருந்தது."

நீதிபதி ஹாக்ஸ்டாட் சட்டப் புத்தகத்தைக் கொண்டுவரச் சொன்னார்.
முதுகு பிய்ந்த புத்தகம். விரலை நாவில் தொட்டுத் தொட்டுப் புரட்டினார்.
வண்டிக்கு முன்கண்ணாடி இருக்க வேண்டும்.
தூசியில்லாமல் இருக்க வேண்டும்.
மழை துடைக்கும் கை ஒழுங்காக இருக்க வேண்டும்.
நிற்க வேண்டும் என்று எங்குமே இல்லை.

நிற்பது வேறு, கிடப்பது வேறு.
இருப்பது இரண்டுக்கும் பொது.
அந்த வரியை எழுதியவருக்கு அன்று
சாப்பாட்டு மணி அடித்திருக்கலாம்.

லஸ்க் விடுவதாக இல்லை:
"தூங்குகிற காவல்காரனைக் காவல் என்போமா, ஐயா?"
"சம்பளம் கொடுக்கிறோமே," என்றாள் டெல்ஃபீன்.
(சிரிப்பு) என்று எழுதினேன்.
எழுதிய பிறகுதான் தெரிந்தது
சிரித்தது நான் என்று.

வைப்பர் ஓடுகிறதா?
ஓடுகிறது. பானெட்டைத் துடைக்கிறது.

எதற்காக மடக்கினீர்கள்?
பதினாறடிக் கம்பங்கள், ஐயா.
பின்னால் நீட்டினால் தார்ச்சாலையை உழும்.

திரும்பி வரும்போது கம்பங்கள் இல்லையே?
இல்லை.

(மௌனம். ஏழு நொடி.)

நீதிபதி எழுந்தார். அங்கியைக் கழற்றி நாற்காலியில் போட்டார்.
"நீதிமன்றம் வண்டியைப் பார்வையிடும்."

நீதிமன்றம் போகிற இடத்துக்குப் பதிவும் போக வேண்டும்.
ஆகவே பின்னிருக்கையில், கம்பிச் சுருளுக்கும் சுத்தியலுக்கும் நடுவே
மடியில் இயந்திரத்தோடு நான்.
லஸ்க் தன் கறுப்புக் கண்ணாடியை நீதிபதியிடம் கொடுத்தான்,
தர மனமில்லாமல், ஆனால் துடைத்துக் கொடுத்தான்.

பிறகு காற்று.

தானியக் கிடங்கு எங்களை நோக்கி வந்தது, ஓவியம்போல் அல்ல,
கிடங்கைப்போலவே.
அறுத்த புல்லின் வாசனை, உடனே செத்த ஸ்கங்க்கின் நாற்றம்,
உடனே மறுபடி புல்.
வெட்டுக்கிளிகள் கல்லெறிபோல் வந்தன.
ஒன்று நீதிபதியின் நெற்றியில் மோதி
டையில் உட்கார்ந்து எங்களோடு பயணம் செய்தது.
ஏதோ சொல்ல வாய் திறந்தார்.
இன்னொன்று வரவே மூடிக்கொண்டார்.
என் காகிதச் சுருள் கைநழுவி
ஜீப்பின் பின்னால் வெள்ளை வாலாக நீண்டது, அறுந்தது.
எல்லைக்கல்லில் வண்டியைத் திருப்பும்போது
டெல்ஃபீன் யார் பக்கமும் பார்க்கவில்லை.
பதில் சொல்ல வேண்டியதைச் சொல்லிக்கொண்டிருந்தாள் போலும்.

திரும்பி வந்து, தலையைச் சீவாமலே தீர்ப்புச் சொன்னார்:
முன்கண்ணாடி இருந்தது என்று இந்த நீதிமன்றம் காண்கிறது.
வழக்கு தள்ளுபடி.
வைப்பர் ரப்பர் தேய்ந்திருந்ததற்குப் பன்னிரண்டு டாலர்.
லஸ்க் ரசீது எழுதினான். அவள் சில்லறையாக எண்ணிக் கொடுத்தாள்.
அந்தக் கேள்வியை அவர் மறுபடி கேட்கவில்லை.

மேல் அலுவலகத்திலிருந்து ஒருவர் போனில் கேட்டார்:
பதினொன்று பத்திலிருந்து பதினொன்று முப்பத்தொன்று வரை
பதிவு வெறுமையாக இருக்கிறதே?
யாரும் ஒன்றும் பேசவில்லை என்றேன்.
அது உண்மை.

இயந்திரத்தில் ஒரு விசை மட்டும் இன்னும் ஒட்டுகிறது.
அடியில் ஒரு பச்சை இறக்கை.
பழுதுபார்க்க அனுப்பவில்லை.