உடைந்தவை

குத்தாயிசியில் மாதக் கடைசி.
சியூரியின் கடைக்குக் கணக்குப் பார்க்கப் போகிறேன்.
மாவு ஏறிவிட்டது, எரிவாயுவும்.
இருந்தும் லாபம்.
எப்படி என்றால்
பாத்திரம் கழுவும் தொட்டியைக் காட்டுகிறாள்.

ஹின்காலியின் குடுமியை யாரும் தின்பதில்லை.
அதைப் பிடித்துத் தூக்கி, ஓரத்தைக் கடித்து,
சாற்றை உறிஞ்சி, மற்றதைத் தின்றுவிட்டு
அந்தக் கெட்டி மாவு முடிச்சைத் தட்டில் வைத்துவிடுவார்கள்.
திரும்பி வருவதைத்தான் அவள் படிக்கிறாள்.
முடிச்சோடு இறைச்சியும் ஒட்டி வந்தால்
வாஜாவின் கை அன்று உப்பில் தவறிவிட்டது.

ஏட்டில் ஒரு வரிதான் இடிக்கிறது:
வேகும்போது உடைந்தவை, நாற்பத்தைந்து.
ஒன்றுக்குப் பத்தொன்பது மடிப்பு வைக்கிறவனிடமா
இத்தனை உடையும்?

அவள் பதில் சொல்வதற்குள்
கோச்சா ஒரு தட்டோடு வந்தான்.
ஐந்து போன தட்டு.
ஒரு குடுமிகூட இல்லை.
மிளகுத்தூளையும் விரலால் வழித்திருந்தார்கள்.

ஜன்னலோர மேசைப் பக்கம் திரும்பாமலே
அடுக்களைக்குள் குரல் கொடுத்தாள்:
"இன்னும் அஞ்சு. உடைஞ்சது."

நாற்பத்தைந்தை அடித்து
ஐம்பது என்று எழுதினேன்.
காரணம் கேட்ட கட்டத்தில்:
மாவு மெல்லிசு.