வெட்டு இல்லாத பதிவு

ஆடியில் எனக்குத் தொழில் கிடையாது.
முகூர்த்தம் இல்லாத மாதம் முழுக்கக்
கேமராவும் நானும்
பாலக்கோடு பஸ் ஸ்டாண்டு எதிரே
ஸ்டுடியோவில் ஈ ஓட்டுவோம்.
இந்த வருடம் இடைத்தேர்தல் வந்தது.
நாளுக்கு ஆயிரத்து இருநூறு,
ராத்திரி சாப்பாடு தனி.
கண்காணிப்புக் குழுவுக்கு நான் வீடியோகிராபர்.

செத்துப்போன எம்.எல்.ஏ.வை
நன்றாகத் தெரியும் எனக்கு.
என் ஹார்டு டிஸ்க்கில்
நாற்பத்தாறு கல்யாணங்களில் இருக்கிறார்.
ஒவ்வொன்றிலும் பதினொரு விநாடி.
நுழைவார், அட்சதை எறிவார்,
மாப்பிள்ளை கையில் கவரை அழுத்துவார்,
கேமராவைப் பார்ப்பார், போய்விடுவார்.
அவர் சாவையும் நான்தான் எடுத்தேன்.
அன்று ஒருநாள்தான்
ஆறு மணி நேரம்
ஒரே இடத்தில் இருந்தார்.

மாரண்டஅள்ளி ரோட்டில் எங்கள் சாவடி.
இரண்டு தடுப்பு, ஒரு குண்டு பல்பு,
கால் உடைந்த நாற்காலியில் தீர்த்தகிரி சார்.
‘ஆரம்பிச்சா நிறுத்தக் கூடாது,
வெட்டக் கூடாது, ஒட்டக் கூடாது,
பாட்டு கீட்டு போட்டுடாதப்பா’ என்றார்.

பத்தரைக்கு ஒரு டாடா ஏஸ்.
காலி கிரேடுகளுக்கு நடுவே கெம்பம்மாள்.
மடியில் மஞ்சப்பை,
பையில் அறுபத்தெட்டாயிரத்து முந்நூறு.
ஐம்பதுக்கு மேல் போனால் ஆதாரம் வேண்டும்.
மண்டிச் சீட்டை நீட்டினாள்.
பென்சிலில், சீல் இல்லாமல்,
‘கெம்பு, பாக்கி தீர்ந்தது.’

கேமராவைப் பார்த்து எண்ணச் சொன்னார்கள்.
எண்ணினாள். ஈரத்தில் ஒட்டிய நூறுகளை
ஊதி ஊதிப் பிரித்தாள்.
‘ஓட்டுக்குத் தர்ற நோட்டு
மொடமொடன்னு இருக்கும் சார்,
இத மோந்து பாருங்க,
தக்காளி நாத்தம்.’
சொல்லும்போதெல்லாம் முந்தானை வாய்மேல் ஏறியது.

எனக்குத் தெரியும் அது.
எங்கள் போர்த் தண்ணி குடித்த பல்.
எங்கள் கல்யாணப் பெண்கள்
உதடு பிரியாமல்தான் சிரிப்பார்கள்.
பிரிந்த இடங்களை
உட்கார்ந்து ஒவ்வொரு பல்லாக
நான் வெளுத்துத் தருவேன்.
அதற்குத் தனி ரேட்.

‘முகம் தெரியணும், சேலைய எடும்மா.’
எடுத்தாள்.
நாற்பது நிமிடம்
குளோசப்பில் நின்றாள்.
பணத்தைக் கட்டி, நம்பர் போட்டு,
கையெழுத்து வாங்கி
வெறும் பையோடு அனுப்பினார்கள்.

ஒன்றேகாலுக்கு வெள்ளை இன்னோவா.
முன்னால் வாழைக்குருத்து,
கண்ணாடியில் தெர்மாகோல் எழுத்து,
‘லோகேஷ் வெட்ஸ் பவித்ரா.’
உள்ளே நாலு ஆண்கள்.
பட்டு இல்லை, மல்லி வாசம் இல்லை,
பின் டயர் இரண்டும் அமுங்கிக் கிடந்தன.
‘கல்யாண வண்டி, விடுப்பா’ என்றார் சார்.
பிறகு என் பக்கம் திரும்பி,
‘பேட்டரி எப்படி இருக்கு?’

மாத்தணும் சார் என்றேன்.

இரண்டு நிமிடம் ஆனது மாற்ற.
சாவடித் தகரத்தில் தொங்கிய காலண்டரில்
ஆடி இருபத்தொன்று.
அன்று இந்த ஜில்லாவில்
ஒரு கழுத்திலும் தாலி ஏறவில்லை என்று
சத்தியம் செய்யக்கூடியவன்
அந்த ரோட்டில் நான் ஒருவன்தான்.
கேமராவுக்கு இன்னும் ஏழு தவணை பாக்கி.

ஜெயித்தவர்
ஆவணி முதல் முகூர்த்தத்துக்கே வந்துவிட்டார்.
ஒன்பது விநாடி.
கேமரா எங்கே என்று தெரியாமல் தடுமாறினார்.
பழகிவிடும்.

அதே வாரம் கெம்பம்மாள் ஸ்டுடியோ ஏறினாள்.
மகளுக்குக் கார்த்திகையில் வைத்திருக்கிறதாம்.
ஆல்பம் புரட்டினாள், ரேட்டைக் குறைத்தாள்.
தாலுகா ஆபீசுக்கு
நாலு நடை நடந்து
பணத்தை மீட்ட கதை சொன்னாள்.
எழுந்து போனவள் வாசலில் நின்றாள்,
முந்தானை உதட்டில்.

‘அன்னிக்கு ராத்திரி எடுத்தியே,
அதுல என் பல்லு தெரியுதா?’

கொஞ்சம் தெரியும் என்றேன்.

‘அத யார் யார் பாத்தாங்க?’

யாரும் பாக்கலம்மா.

‘கலெக்டருகூடவா?’

யாரும்.

நிம்மதியாகப் படி இறங்கினாள்.