பைஸ் இல்லை

ஐம்பத்தி நாலில்
வெள்ளைக்கல் கம்பெனி டீமுக்கு
ஸ்கோர் எழுதியது நான்தான்.
வார நாளில் சுரங்கத்து வருகைப் பதிவேடு,
ஞாயிறானால் பச்சை அட்டை நோட்டு.
இரண்டுக்கும் ஒரே பேனா.

சீரங்கன் பந்து பிடிக்க வந்தவன் அல்ல.
மேல்தட்டிலிருந்து உருண்ட கல்லொன்றை
கீழே நின்றவள் தலைக்கு ஒரு சாண் முன்னால்
கையை நீட்டி வாங்கினானாம்.
மேஸ்திரி சொல்லி, மேனேஜர் கேட்டு,
மறுவாரம் ஸ்டம்புக்குப் பின்னால் குந்தியிருந்தான்,
காக்கி அரைக்கால்சட்டை, வெறுங்கால்.

ஆட்டத்துக்கு மூன்று ரூபாய்.
எங்கள் பக்கத்தில் விளையாடக் காசு வாங்கிய
முதல் ஆள் அவனாகத்தான் இருக்கும்.
மற்றவர்களுக்கு டீ, பன்.
வவுச்சரில் என்ன தலைப்பு போடுவது என்று
அக்கவுண்டண்ட் இரண்டு நாள் யோசித்து
'இதர கூலி' என்றார்.

கையுறை பழசு. உள்ளே பஞ்சு செத்துக் கிடந்தது.
கறித்துண்டு வைத்துக் கட்டினால் வலி தாங்கும் என்றார்
டிராயிங் ஆபீஸ் பெர்னாண்டஸ்.
"கறி கிடைச்சா கொழம்பு வெக்க மாட்டனா சார்?"
வாழைமட்டையைச் செதுக்கித் திணித்தான்.
நாலாவது ஓவருக்குள்
சாறு மணிக்கட்டில் வழியும்.

அவன் எப்படிப் பிடித்தான் என்று எழுத
என் நோட்டில் கட்டம் இல்லை.
அடித்தவனுக்கு ஓட்டம், வீசியவனுக்கு விக்கெட்,
அவன் விட்டால் மட்டும் ஒரு கட்டம்: பைஸ்.
பதினோரு ஆட்டம்.
பூஜ்யம், பூஜ்யம், ஒருநாள் நாலு
(கல்தூசு கண்ணில் என்று ஓரத்தில் எழுதினேன்,
அப்படி எழுதக் கூடாது)
பிறகும் பூஜ்யம்.

பன்னிரண்டாவது ஏற்காட்டில், தோட்டக்காரர் கிளப்போடு.
மூன்று மணிக்கே மஞ்சு இறங்கிவிட்டது.
பாதி வழி வந்த பிறகுதான் பந்து தெரியும்.
சுள்ளி ஒடிகிற சத்தம் எனக்கே கேட்டது,
வலது கட்டைவிரல்.
பந்தை விடவில்லை.
இடது கைக்கு மாற்றி, பெயில்ஸைத் தட்டி, கேட்டான்.
தெரியவில்லை என்றார் அம்பயர்.
உண்மையிலேயே தெரிந்திருக்காது.

லாரியில் இருபது வளைவும் இறங்கும்வரை
கையை அக்குளில் வைத்திருந்தான்.
அடிவாரத்தில் கேட்டான்,
"மூணு ரூவா இன்னிக்கா, திங்கக்கெழமையா?"

கட்டைவிரல் இல்லாமல் கையில் சம்மட்டி நிற்காது.
நஷ்டஈட்டுப் படிவத்தில் ஒரு கேள்வி:
விபத்து நடந்த இடம் சுரங்கமா?
அல்ல.
என் கையெழுத்துதான். முத்து முத்தாக இருக்கும், அப்போதெல்லாம்.

ரெண்டு வருஷம் கழித்து
செவ்வாய்ப்பேட்டையில் பஸ்ஸுக்கு நின்றேன்.
எதிரே மாடி எழும்புகிறது. சாரத்தில் அவன்.
கீழிருந்து வீசுகிற செங்கல்லைக்
கோணல் விரலோடு வாங்கி வாங்கி அடுக்குகிறான்.
என்னைப் பார்த்தானா, தெரியாது.
எண்ண ஆரம்பித்தேன், பழக்கதோஷம்.
முப்பத்தொன்று வரை ஒன்றும் விழவில்லை.
அதற்குள் ஜங்ஷன் பஸ் வந்துவிட்டது.