கணைக்கால் படங்கள்

ஷூவைப் பற்றி எனக்கு ஒன்றும் தெரியாது.
வாசலில் கழற்றி வைத்துவிட்டுத்தான்
உள்ளே வருவார்கள் எல்லோரும்.
பரங்கிமலை ராணுவ மருத்துவமனை,
எக்ஸ்ரே அறை, எனக்குப் பதினோராவது வருடம்.
என்னில் முதலில் ஓய்வுபெறப் போவது
ஈயக் கவசம் சுமக்கும் தோள்.

"அசையாதீங்க. மூச்சு விடலாம், கால்தானே."
மீனம்பாக்கம் விமானம் தலைக்குமேல் போனால்
ஜன்னல் அதிரும்.
அது போகட்டும் என்று நிற்பேன்.
பிறகு படத்தில் தெரியும்,
கணைக்கால் எலும்பின் உட்புறம்
தலைமுடி விழுந்த மாதிரி ஒரு கோடு.
வேலைக்கு வந்த புதிதில்
முந்தானையால் துடைத்துப் பார்த்திருக்கிறேன்.

போன மாதம் ஒரு கோப்பு வந்தது.
ஓட்டப் பயிற்சிக்கு எல்லோருக்கும் ஒரே ஷூ வழங்கலாமா,
அவரவர் வாங்கிக்கொள்ளட்டுமா?
ஓராண்டு முறிவுகளை
ஷூ வாரியாகப் பிரித்து அனுப்பவும்.

என் பதிவேட்டில் ஷூவுக்குக் கட்டம் இல்லை.
பெயர், எண், வலமா இடமா.
ஸ்கேல் வைத்து நானே ஒரு கோடு இழுத்துக்
கேட்கத் தொடங்கினேன்.

லால்தன்சுவாலா, பாதி இந்தியில்:
பதினாறாயிரம், ஐஸ்வாலிலிருந்து அக்கா அனுப்பியது.
இசக்கிமுத்து:
பல்லாவரம் வெள்ளிக்கிழமைச் சந்தை, நானூற்றைம்பது,
அறுநூறு சொன்னான் மேடம், பேசிக் குறைச்சேன்.
இருவருக்கும் இடது கால்.
இருவருக்கும் ஏறக்குறைய அதே இடம்,
இரண்டு விரற்கடை முன்னே பின்னே.
விளக்குப் பெட்டியில் அடுத்தடுத்து மாட்டிப்
பார்த்துக்கொண்டே நின்றேன்.
எது பதினாறாயிரம்?

ஸ்டோர் ஹவில்தார் தேவசகாயம்
ஒரே ஷூ கட்சி.
"விடியக்காலை அஞ்சு மணிக்கு வரிசையில நின்னு
ஒருத்தன் காலை ஒருத்தன் பாக்குறானுங்க.
முகத்தைப் பாக்குறதுக்கு முன்னால.
ஒண்ணு போலக் குடுத்துட்டா
பாக்க என்ன இருக்கு?"
நியாயம்தான்.
பேரம் பேசிய வாயோடு இசக்கிமுத்து
அந்த வரிசையில் எங்கே நின்றிருப்பான்
என்று எனக்குத் தெரியும்.

ஆனால் அகல்யா போஸ்லேயும் வந்தாள்,
இதே தேவசகாயம் கொடுத்த ஷூவோடு.
நாலாம் நம்பர் ஸ்டாக் இல்லையாம்.
ஐந்தைக் கொடுத்து
இரண்டு காலுறை போட்டுக்கொள்ளச் சொன்னாராம்.
அவளுக்கு இரண்டு காலிலும் கோடு.
அதை எந்தக் கட்டத்தில் எழுத?
ஒரே ஷூ என்றா,
அவரவர் ஷூ என்றா?

குழு ஒருமுறை கூடியது.
டீயோடு சமோசாவும் வந்தது.
கறுப்பா வெள்ளையா என்பதில்
ஒன்றரை மணி நேரம் போனது.
செம்மண் மைதானத்தில்
இரண்டுமே ஒரு வாரத்தில் பழுப்பு
என்று சொல்ல எனக்கு நாற்காலி போடவில்லை.

இரவு உட்கார்ந்து நீளமாக எழுதினேன்.
கொடுங்கள், அரசு காசில் எல்லோருக்கும் கொடுங்கள்,
ஆனால் பாதத்தின் அகலத்தையும் அளங்கள்,
தேய்ந்து வந்தால் ஏன் என்று கேட்காமல் மாற்றுங்கள்,
முதல் மாதமே பத்து கிலோமீட்டர் விரட்டாதீர்கள்,
ஷூமேல் மட்டும் பழி போடாதீர்கள்...
படிவத்தில் குறிப்புக்கு இருந்தது
ஒன்றரை வரி.
"அளவு கேட்கவும்" என்று எழுதிக் கையெழுத்திட்டேன்.

இன்று மதியம் திடீர் மழை.
கன்டோன்மென்ட் சாலை முழங்கால் தண்ணீர்.
ஓடிவந்து நடையில் ஒதுங்கினார்கள் பதினான்கு பேர்,
நனைந்த ஷூக்களை வாசலில் குவித்துவிட்டு.
பெயர் கூப்பிடக் கூப்பிட
சிமெண்ட் தரையில் ஈரத் தடங்கள்.
ஒன்று தோசைக்கல் போல முழுசாக.
ஒன்று நடுவில் அறுந்து,
குதிகால் ஒரு தீவு, விரல்கள் ஒரு தீவு.
ஒன்றில் பெருவிரல் மட்டும்
எங்கோ போகக் கிளம்பியது போல விலகி.

மும்தாஜ் மாப்போடு வந்து நின்றாள்.
"தொடச்சிடட்டா மேடம்? வழுக்கும்."

இரு, என்றேன்.
வலது ஓரத்துத் தடம் அதற்குள்
காயத் தொடங்கியிருந்தது.