ஐம்பத்தாறாவது நிமிடம்

டிக்கெட் பதினேழு டாலர்.
கூண்டுக்குள் இருந்த பெண் என் முகத்தைப் பார்த்து
கேட்காமலே மூன்றைக் குறைத்துக்கொண்டாள்.

செத்தாலும் பார்ப்பதில்லை என்றிருந்த படம்.
வெர்னலைக் கூப்பிட்டேன்.
"நீ போ. என் தாடை வராது" என்றான்.
படம் வந்த மாதம்
பாரிலிருந்து வெளியே வந்தவனை
பேஸ்பால் மட்டையோடு மூன்று பேர் மறித்தார்கள்.
இன்றும் ரொட்டியை நனைத்துத்தான் தின்கிறான்.

மன்ஹாட்டனில் அது கறிக்கடைத் தெரு.
பகலில் கொக்கிகளில் மாடுகள் தொங்கும்,
இரவில் அதே மாடுகளின் தோலை உடுத்தி நாங்கள்.
பாவுகல்லில் கொழுப்பு வழுக்கும்.
அங்கே வந்து இறங்கியது படக்குழு:
விளக்குகள், ஜெனரேட்டர்,
எங்களைக் குத்த ஒரு கத்தி.

சத்தத்தைக் கெடுப்போம் என்று
தெருவில் நின்று ராத்திரி முழுக்க
சூப் பாத்திரத்தைக் கரண்டியால் அடித்தேன்.
அன்செல்மோ உள்ளே இருந்தான்.
ஓர் இரவுக்கு நாற்பது டாலர், ஒரு சாண்ட்விச்;
கூட்டத்தில் ஒருவனாய் ஆட வேண்டும்.
"வாடகையை யார் தருவது, உன் பாத்திரமா?"
பதினொரு நாள் நாங்கள் பேசிக்கொள்ளவில்லை.

இப்போது திரையைச் சுத்தம் செய்திருக்கிறார்கள்.
கறுப்பு நன்றாகக் கறுத்திருக்கிறது.
எங்கள் வியர்வைக்கு அவர்கள் போட்ட இசை
பாம்பு வரும்போது போடுவது.
முன்வரிசைப் பிள்ளைகள்
மீசைகளைப் பார்த்துக் கைதட்டினார்கள்.
கொலைகாரன் யாரென்று
படம் கடைசிவரை நேராகச் சொல்லவில்லை.
சொல்லாமலே எல்லோரையும் காட்டியது.

ஐம்பத்தாறாவது நிமிடம்.
போலீஸ்காரன் கூட்டத்தை விலக்கி நடக்கிறான்.
அவன் தோளுக்குப் பின்னால், இடது ஓரம்,
அன்செல்மோ.
நெற்றியில் ஒட்டிய முடியை ஊதித் தள்ளுகிறான்.
மூன்று விநாடி இருக்கும்.
எண்பத்தைந்தில்
சாப்பாட்டுத் தட்டைக் கதவுக்கு வெளியே வைத்துவிட்டு
நர்ஸ்கள் ஓடிய அறையில் போனவன்.
என்னிடம் நான்கு போட்டோ இருக்கிறது.
ஒன்றிலும் அவன் அசைவதில்லை.

அந்த மூன்று விநாடிக்குள்
இசைக்கு அடியில்
டங் என்று ஒன்று கேட்டது.
எல்லாச் சத்தத்தையும் பிறகு ஸ்டூடியோவில்தான் சேர்த்தார்களாம்.
இருக்கட்டும். எனக்குக் கேட்டது.

மன்னித்துவிட்டேனா என்றால் இல்லை.
நாளை மாலைக் காட்சிக்கும் வாங்கிவிட்டேன்.
வெர்னலிடம் அதைச் சொல்லப் போவதில்லை.

வாசலில் மூக்கில் வளையம் போட்ட பையன் கேட்டான்:
"நீங்கள் அந்தக் காலத்து ஆளா? உண்மையில் எப்படி இருந்தது?"
வாயில் வந்தது இதுதான்:
சாண்ட்விச்சில் கடுகு அதிகம் என்று
ஒருவன் சொன்னான்.