திறக்க மட்டும்

முதலில் பெயர் வைத்தேன்; அது தப்பு.
சாபச் சாவி என்று எழுதிவிட்டால் யார் தொடுவார்?
அடித்துவிட்டு எழுதினேன்:
பித்தளை, சுண்டுவிரல் நீளம், கொஞ்சம் வெதுவெதுப்பு,
சற்றுமுன் யாரோ கையில் வைத்திருந்த மாதிரி.

இரவு இரண்டே கால்.
டர்பனில் ஒரு காவல் நிறுவனத்தின் கட்டுப்பாட்டு அறை.
சாட்ஸ்வர்த்தின் நாலாயிரம் வீடுகள்
என் திரையில் பச்சைப் புள்ளிகளாகத் தூங்குகின்றன.
ஒன்று சிவந்தால் வண்டி அனுப்புவது என் வேலை.
சிவக்காத நேரத்தில்
சனிக்கிழமை ஆட்டத்துக்கு நிலவறை கட்டுகிறேன்.

பொறிக்கும் ஒரு நியாயம் உண்டு.
எலிக்கு வைக்கும் கருவாடு நிஜக் கருவாடாக இருக்கவேண்டும்.
ஆகவே இந்தச் சாவி எந்தப் பூட்டையும் திறக்கும்.
ஏமாற்றில்லை. அரக்கனின் கருவூலம், ஊமைக் கோபுரம், சிறை,
பகடை உருட்டவே வேண்டாம்.
மூன்று கதவு வரை நன்மை மட்டும்.
நாலாவதில்தான் தெரியவரும்,
இது திறந்த கதவு எதுவும்
இனி மூடாது.
தாழ்ப்பாள் நழுவும். கீல் இளிக்கும்.
பாறையை உருட்டி அடைத்தாலும்
காலையில் பாறை தள்ளி நிற்கும்.
அடைக்காத கடன் மாதிரி
பின்னாலேயே வரும் திறந்த கதவுகள்,
அவற்றின் வழியே எது வேண்டுமானாலும்.

ஓரத்தில் எனக்கே ஒரு குறிப்பு:
முன்பே சொல்லிவிட்டால் அது சாபமில்லை, வரி.
கடைசிவரை சொல்லாவிட்டால் அயோக்கியத்தனம்.
நடுவில் ஒரு கீறல் வேண்டும், பார்க்கிறவர் பார்க்கட்டும்.
மேசையில் வைக்கவென்று பழைய சாமான் கடையில் வாங்கிய
நிஜச் சாவியின் தண்டில்
குண்டூசியால் கீறினேன், பூட்டு ஒன்று, வாய் பிளந்தபடி.

யேகனுக்காகத்தான் செய்தேன்.
கூட்டத்தில் திருடன் அவன், பூட்டைக் கண்டால் உள்ளங்கை அரிக்கும்.
(வெளியே, வரி இலாகாவில் குமாஸ்தா.)
எடுத்தது தவாஷ்ணி.

அக்டோபரில் யேகன் கூட்டிவந்தவள்.
அவள் வீடு எனக்கு ஜூலையிலேயே தெரியும்.
சிவந்த புள்ளி. வண்டி போய்ச்சேர ஒன்பது நிமிடம்.
ஒன்பதையும் எண்ணினேன், தொலைபேசியில்
அவள் மூச்சு மட்டும்.
பிறகு கம்பி, கம்பிக்கு மேல் கம்பி,
இரும்புக் கதவுக்கு உள்ளே இன்னொரு இரும்புக் கதவு.
அன்றைய குரல் நான்தான் என்று அவளுக்குத் தெரியுமா,
அது எனக்குத் தெரியாது.

மின்வெட்டு. மேசை நடுவே கேஸ் விளக்கு.
சாவியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.
கீறலில் நகம் வைத்தாள்.
"இது பூட்டவும் செய்யுமா?"

ஆட்டம் நடத்துகிறவள் தயங்கக்கூடாது.
தாளைப் பார்த்தேன்; பூட்டுவதைப் பற்றி ஒரு வரி இல்லை.
எழுதும்போது தோன்றவே இல்லை.
"உருட்டு" என்றேன், நேரம் வாங்க.
இருபது முகப் பகடை விளக்கைச் சுற்றி ஓடி
முறுக்குத் தட்டில் இடித்து நின்றது.
பத்தொன்பது. இனிப் பொய் சொல்ல இடமில்லை.
"திறக்க மட்டும்."

தலையசைத்துப் பையில் போட்டுக்கொண்டாள்.

பதினோரு சனிக்கிழமை ஆயிற்று.
கதவுகளைக் கோடாரியால் பிளக்கிறார்கள்.
யேகன் கம்பியால் நோண்டி விரலைச் சுட்டுக்கொள்கிறான்.
புதையல் உண்டென்று தெரிந்தும்
ஒரு கதவை அப்படியே விட்டுவிட்டுப் போனார்கள்.
சாவி வெளியே வரவில்லை.
"வித்துத் தொலையேன்" என்றான் அவன்.
"வாங்கினவன் திறப்பானே" என்றாள்.

எல்லாச் சாபத்துக்கும் தாளில் ஒரு கட்டம் உண்டு:
நீக்கும் வழி. காலியாக விட்டிருந்தேன்.
நேற்று எழுதினேன், பென்சிலால்:
யாராவது ஒருத்தி வைத்திருக்கவேண்டும்.

ஐந்து மணி, வெளுத்துவிட்டது.
கிராஸ்மூரில் ஒரு புள்ளி சிவந்தது.
குரங்கு, சமையலறை ஜன்னலில்.
வண்டியைத் திரும்ப அழைத்தேன்.